முதல் யூனிட்டில் செல்வி, இரண்டாம் யூனிட்டில் திருமதி

என் கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்பே எனக்கு ஒருமுறை கல்யாணம் ஆகிவிட்டது. பெண் குழந்தையும் பிறந்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு நிமிட இடைவெளி. இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. என் கணவர்தான் போகிற விசேஷத்தில் எல்லாம் பந்தியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு குழந்தை கூடுகிறது. போன மாதம் ஒரு காதுகுத்தில் எண்ணிக்கை நான்கைத் தொட்டுவிட்டதால், நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வீடு பாகாயம். வேலை ஆம்பூரில், ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என் பதவி 'சிஸ்டம்ஸ் எக்ஸிகியூட்டிவ்'. ஃபேக்டரிக்குள் என் பதவி 'அந்த கம்ப்யூட்டர் பொண்ணு'. பிரின்டரில் காகிதம் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். கேன்டீன் கிரைண்டர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (பிளக்கு இருக்குதுல்ல, அப்ப உன் டிபார்ட்மென்ட்தான்.) எனக்குக் கீழே வேலை செய்ய யாரும் இல்லை. எனக்குச் சமமாகவும் யாரும் இல்லை. இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

கம்பெனிக்கு இரண்டு யூனிட். ஆம்பூரில் இருக்கும் முதல் யூனிட்டில் தோல் வெட்டி ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பார்கள். ஹைவேயில் வேலூர் பக்கமாக இருக்கும் இரண்டாம் யூனிட்டில் அதற்கு சோல் ஒட்டி, லேஸ் கோத்து, பெட்டியில் போடுவார்கள். யூனிட்டுக்கு ஒன்றாக இரண்டு சர்வர். இரண்டையும் கவனித்துக்கொள்வது நான் ஒருத்தி.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்த காட்பாடிக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னேன். மாப்பிள்ளை ஜெயக்குமார், வேலூரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். அவருடைய அப்பா, என்ன வேலைம்மா என்று கேட்டார். நான், "ரெண்டு சர்வரை வெச்சு மேய்க்கிறேன் அங்கிள்" என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எந்த ஓட்டல் என்று கேட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து கேசரியைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர்களுக்கும் பிடித்துவிட்டது போல. மறு ஞாயிறு நிச்சயம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தர் மட்டும் அன்று ஓவர்டைம் இருந்ததால் வர முடியவில்லையாம். போட்டோவை போனில் அனுப்பிக்கொள்கிறோம் என்றார்கள். எந்த அத்தை, எங்கே ஓவர்டைம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் திங்கள்கிழமை காலை பஞ்ச் வைத்து உள்ளே நுழைவதற்குள் இம்தியாஸ் சார் கூப்பிடுகிறார் என்றார்கள். இம்தியாஸ் சார் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று என்ன சொல்கிறார் என்று கேட்க நான் மேஜை மேல் சாய வேண்டியிருந்தது. மேஜையில் ஒரு ஜோடி ஆண்கள் ஷூ இருந்தது. அழகான பழுப்பு நிறம். எங்கள் பாஷையில் டான். அதில் கறுப்பு லேஸ், ஏதோ துக்கத்துக்குப் போகிற மாதிரி.

விஷயம் இதுதான். இந்த ஆர்டரைக் கொடுத்த பையர் முதலில் கறுப்பு ஷூ கேட்டார். பிறகு மனசு மாறி டான் என்றார். மாற்றத்தை ஆம்பூரில் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், ஆம்பூரில் டான் தைத்தார்கள். இரண்டாம் யூனிட் கம்ப்யூட்டரில் மட்டும் இன்னும் கறுப்பு என்றே காட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஸ்டோரிலிருந்து கறுப்பு லேஸ் வாங்கிக் கோத்துத் தள்ளிவிட்டார்கள். ஷூ டானாக இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியிருக்கிறது. அந்த லைன் சூப்பர்வைசர் அம்மா இரண்டு தடவை கேட்டிருக்கிறார். ஸ்கிரீனில் கறுப்புதான் இருக்கிறது, வெளிநாட்டில் இப்போது இதுதான் ஃபேஷனாக்கும் என்று பதில் வந்திருக்கிறது.

"இன்னாமா," என்றார் இம்தியாஸ் சார், "உன் ரெண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கிறதில்லையா? சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி, இது ஒண்ணு சொல்லுது, அது ஒண்ணு சொல்லுது. வெள்ளிக்கிழமை பையர் இன்ஸ்பெக்‌ஷன். பேஜார் பண்ணாம சரி பண்ணிக் குடு."

ஒரு மணி நேரம் சார் என்றேன். இளமையில் எல்லா வேலைக்கும் ஒரு மணி நேரம்தான் ஆகும்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், பயப்படாமல் படியுங்கள். கம்பெனியின் எல்லா விவரமும் ஒரே இடத்தில் இருக்கும். எந்த ஷூவுக்கு எந்த நிறம், யாருக்கு எத்தனை நாள் லீவு, எல்லாம். அதை ஒரு பெரிய ரிஜிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ரிஜிஸ்டரைப் புரட்டினால் நேரமாகும் என்பதால், அடிக்கடி தேவைப்படுவதை ஒவ்வொரு சர்வரும் தன் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்ளும். அந்த நோட்டுக்குப் பெயர் கேஷ். (காசு இல்லை. இதை அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மட்டும் நான் பலமுறை விளக்கியிருக்கிறேன்.) ஒரு சர்வரில் ஏதாவது மாறினால், அது ரிஜிஸ்டரிலும் எழுதிவிட்டு, அடுத்த சர்வருக்கும் 'உன் நோட்டுலயும் மாத்திக்கோ' என்று ஆள் அனுப்ப வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்த ஆள் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

இரண்டு சர்வரையும் அணைத்துப் போட்டேன். உடனே இரண்டு பக்கமும் டான் என்று வந்தது. நான் வெற்றிக்களிப்பில் செக்‌ஷன் முழுக்க டீ சொன்னேன். டீ வந்து, குடித்து, கிளாஸ் திரும்பிப் போவதற்குள் மறுபடியும் ஆம்பூர் ஒன்று சொன்னது, இரண்டாம் யூனிட் ஒன்று சொன்னது. அணைத்துப் போட்டால் நோட்டு காலியாகும், காலி நோட்டில் ரிஜிஸ்டரைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளும், அதனால் அடுத்த மாற்றம் வரும்வரை ஒற்றுமையாகத் தெரியும். இது எனக்கு டீக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி வேனில் ஏறி இரண்டாம் யூனிட்டுக்குப் போனேன். இங்கிருந்து அனுப்பியது அங்கே போகவில்லை, சரி. அங்கிருந்து அனுப்பினால் இங்கே வருகிறதா என்று பார்ப்பது திட்டம். அதற்கு ஏதாவது ஒரு விவரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆர்டரில் கை வைத்தால் இம்தியாஸ் சார் என் கையை எடுத்துவிடுவார். தொழிலாளர் விவரத்தில் கை வைப்பதில்லை என்று நான் முன்பே சபதம் எடுத்திருந்தேன். (ஒருமுறை சோதனைக்காக செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தரின் பிறந்த தேதியை மாற்றிவிட்டு மறந்துபோனதில், அவருக்கு ஒரே வருஷத்தில் இரண்டு கேக் வந்தது. அவர் புகார் செய்யவில்லை.) ஆகவே, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், என்னுடைய சொந்த விவரத்தையே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் யூனிட் ஹெச்.ஆர். அறையில் கம்ப்யூட்டர் காலியாக இருந்தது. லீவு சீட்டோடு மூன்று பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். முதல் யூனிட் ஹெச்.ஆரில் என் சிநேகிதி நஸ்ரீன் இருந்தாள். அவளுக்குப் போன் போட்டு, என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, 'திருமணமாகாதவர்' என்பதை 'திருமணமானவர்' என்று மாற்றினேன். கம்ப்யூட்டர் உடனே கணவர் பெயர் கேட்டது. சும்மா எக்ஸ் ஒய் என்று அடித்தால் ஏற்கவில்லை. இனிஷியலோடு முழுப் பெயர் வேண்டும் என்றது. மேஜையில் தோல் சாம்பிள் அட்டை ஒன்று கிடந்தது. முதல் துண்டின் கீழே 'நப்பா' என்று இருந்தது. கே. நப்பா என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு போனில் நான் பேசியது மட்டும் அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. நஸ்ரீன் பேசியது கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"நஸ்ரீன், எனக்கு இங்க கல்யாணம் ஆயிடுச்சு. அங்க தெரியுதா பாரு."

"தெரியலையா? நல்லா பாரு. நேத்திலேர்ந்து இதே ரோதனையா இருக்கு."

"சரி, ஒரு குழந்தை பெத்துக்கிறேன். லைன்லயே இரு, ரெண்டு நிமிஷம்."

சாம்பிள் அட்டையில் அடுத்த துண்டு, தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும் சுவேட் தோல். குழந்தை பெயர் சுவேட் என்று அடித்தேன். பாலினம், பெண். லீவு விவரத்துக்குத் தனி நோட்டு உண்டு என்பதால் அதையும் சோதிக்க, பிரசவ விடுப்புக்கு ஒரு மனுவும் போட்டேன்.

"பொண்ணு பொறந்துட்டா. இப்பவும் தெரியலையா? இங்க எல்லாருக்கும் தெரியுது, ஆம்பூர்ல மட்டும் யாருக்கும் தெரியலைன்னா எப்படிடி? சரி, இம்தியாஸ் சார்கிட்ட இப்ப வாயத் தொறக்காத. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டு நானே சொல்லிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பெஞ்சில் இருந்தவர்களில் நீலக் கோட்டு போட்ட ஒரு சூப்பர்வைசர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் போனை எடுத்து எதையோ பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். கையில் இருந்த லீவு சீட்டை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் உண்டு.

அவர் பெயர் விமலா. டான் ஷூவுக்குக் கறுப்பு லேஸா என்று இரண்டு தடவை கேட்ட புத்திசாலி அவர்தான். மாப்பிள்ளையின் அத்தையும் அவர்தான். அன்று அவர் ஹெச்.ஆருக்கு வந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் நிச்சயத்துக்காக ஓவர்டைமிலிருந்து விலக்குக் கேட்டு.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பாட்டுக்கு ஆம்பூர் திரும்பி, என் மேஜையில் உட்கார்ந்து, மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கிவிடலாம் என்று என் பக்கத்தைத் திறந்தேன். 'திருமணமாகாதவர்' என்று சுத்தமாக இருந்தது. அட, மாற்ற வேண்டிய வேலையே இல்லை என்று மூடிவிட்டேன். ஆம்பூர் நோட்டு பொய் சொல்கிறது என்று இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், அதே நோட்டை நம்பினேன். ரிஜிஸ்டரில் நான் திருமதி நப்பா.

புதன்கிழமை சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது அம்மா சமையல்கட்டில் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் இருந்தார். அப்பா ஒடுகத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க டிக்கெட் எடுத்தியா இல்லையா என்று மட்டுமே கேட்டுப் பழகியவர், நீளமான பதில் பிடிக்காது. காட்பாடியிலிருந்து போன் வந்ததாம். மாப்பிள்ளையின் அத்தை என் கம்பெனியிலேயே வேலை செய்கிறாராம். என்னைக் கண்ணால் பார்த்தாராம், காதால் கேட்டாராம், சந்தேகத்துக்கு ஹெச்.ஆர். பையனிடம் சொல்லிக் கம்ப்யூட்டரிலும் பார்த்தாராம். கணவர் பெயர் நாகப்பா, பெண் பெயர் சுவேதா, இரண்டாவதுக்கு லீவும் கேட்டிருக்கிறேனாம். (நப்பாவும் சுவேட்டும் காட்பாடி போய்ச் சேர்வதற்குள் நாகப்பாவும் சுவேதாவும் ஆகியிருந்தார்கள்.)

"கல்யாணம் ஆச்சா, ஆவலையா? ஒரே வார்த்தைல சொல்லு," என்றார் அப்பா.

"ரெண்டாவது யூனிட்ல ஆச்சுப்பா. முதல் யூனிட்ல ஆவல."

இந்த பதிலைவிட மோசமான பதிலை என்னால் இன்றுவரை யோசிக்க முடிந்ததில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சட்டைப்பை நோட்டு, ரிஜிஸ்டர், தூது போகாத ஆள் எல்லாவற்றையும் ராத்திரி பத்து மணிவரை விளக்கினேன். அப்பா கடைசியில், எனக்குப் புரியுது, அவங்களுக்கு எப்படிப் புரியவைப்பே என்றார். எனக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. எல்லோரையும் ஆம்பூருக்கே வரச் சொல்லுங்கள். முதல் யூனிட் கம்ப்யூட்டரில் நான் கல்யாணமாகாதவள் என்று பளிச்சென்று காட்டும். கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும். அப்பா போன் செய்தார். வியாழக்கிழமை மூணு மணிக்கு வருகிறோம் என்றார்கள். குரலில் சூடு இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, இருபத்தைந்து வருஷ வாழ்க்கையில் இல்லாத வேகத்தோடு வேலை பார்த்தேன். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டால் பதில் வந்தது, ஆகப் பாதை சரி. இரண்டின் கடிகாரமும் சரி. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. கடைசியில் அவை எழுதிவைக்கும் குறிப்புகளை வரி வரியாகப் படித்தேன். மதியம் ஆனபோது அகப்பட்டது.

ஒவ்வொரு சர்வரும் எழுந்தவுடன், 'எனக்குத் தகவல் அனுப்பணும்னா இந்த விலாசத்துக்கு அனுப்பு' என்று அடுத்ததிடம் சொல்லும். எங்கள் சர்வர்கள் சொன்ன விலாசம், 'இங்கேயே'. கம்ப்யூட்டர் பாஷையில் நிஜமாகவே அப்படி ஒரு எண் இருக்கிறது. எந்த மெஷின் அதைப் படித்தாலும் தன்னையே குறிப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆம்பூர் சர்வர், இரண்டாம் யூனிட்டின் விலாசம் 'இங்கேயே' என்று வாங்கிக்கொண்டு, தகவலை எழுதி, ஒட்டி, தன் வீட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் யூனிட் சர்வரும் அப்படியே. இரண்டும் வேலையைச் சரியாக முடித்த திருப்தியில் இருந்தன.

இப்படி ஒரு முட்டாள்தனமான வரியை எந்தப் புண்ணியவான் எழுதியது என்று பார்த்தேன். பக்கத்திலேயே குறிப்பு இருந்தது: 'தற்காலிகம். தேன்மொழி.' எட்டு மாதத்துக்கு முன்பு ஏதோ ரிப்போர்ட் திறக்கவில்லை என்று இரண்டு சர்வரிலும் நானே எழுதியது. நோட்டு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு போன வாரம்தான் வந்தது என்பதால், அதுவரை என் கைங்கரியம் வெளியே தெரியவில்லை.

வரியை அழித்து, சரியான விலாசத்தைப் போட்டு, இரண்டு சர்வரையும் அணைத்துப் போட்டேன். ஆம்பூரில் ஒரு நிறத்தை மாற்றினால் கண் சிமிட்டுவதற்குள் அங்கே மாறியது. அங்கே மாற்றினால் இங்கே மாறியது. நஸ்ரீனும் நானும் கையைக் கோத்துக்கொண்டு ஹெச்.ஆர். அறையில் குதித்தோம். நோட்டு காலியானால் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளும் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறந்துவிட்டேன்.

சரியாக மூணு மணிக்கு கேட்டிலிருந்து விருந்தாளிகள் என்று தகவல் வந்தது. முகம் கழுவிக்கொண்டு, ராணி மாதிரி ரிசப்ஷனுக்குப் போனேன். அப்பா, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஜெயக்குமார், நீலக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டுப் புடவையில் விமலா அத்தை. யாரும் உட்காரவில்லை. எல்லோரும் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ரிசப்ஷன் சுவரில் பெரிய டிவி ஒன்று உண்டு. பிறந்தநாள், கல்யாணம், குழந்தை பிறந்தது என்று ஊழியர்களுக்கு வாழ்த்துச் சொல்லும். ஆம்பூர் சர்வரைப் பார்த்துத்தான் அது பேசும். நான் திரும்பிப் பார்த்தபோது, இரண்டு மயில் நடுவே, 'திருமதி தேன்மொழி – திரு. கே. நப்பா தம்பதியருக்கு இனிய மணநாள் வாழ்த்துகள்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் தொட்டில் படம். 'பெண் குழந்தை பெற்ற தேன்மொழிக்கு வாழ்த்துகள்'.

பிறகு மறுபடியும் மயில்.

அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்பது மாதிரி. விமலா அத்தை, "இங்கயும் ஆயிடுச்சு போல" என்று மெதுவாகச் சொன்னார். மறுபடியும் சட்டைப்பை நோட்டு என்று ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை இங்கே மறைக்கப் போவதில்லை. எட்டு மாதம் முன்பு ஒரு வரி எழுதி, இன்று அதை அழித்து, நானே என் நிச்சயத்தைக் கலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து இம்தியாஸ் சார் ஏதோ பேப்பரோடு ரிசப்ஷன் பக்கம் வந்தார். டான் லேஸ் பிரச்சனை தீர்ந்ததா என்று கேட்க வந்தவர், எங்கள் கும்பலைப் பார்த்து நின்று, எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார். மயில் ஓடியது. அவர் வாய் அசைய ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை; செக்யூரிட்டி அண்ணன் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

விவரத்தை நான் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் ரிசப்ஷன் கண்ணாடி அலமாரியைத் திறந்து, சாம்பிள் கொத்திலிருந்து ஒரு துண்டை உருவி, மாப்பிள்ளையின் அப்பா கையில் வைத்தார்.

"இவர்தான் மிஸ்டர் நப்பா. ஆட்டுத்தோல். தொட்டுப் பாருங்க, ரொம்ப சாஃப்ட்டான ஆளு."

அவர் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா வாங்கித் தொட்டுப் பார்த்தார். விமலா அத்தை, தினமும் தோலோடு புழங்குகிறவர், தொடாமலே முகம் சிவந்துபோனார். "ஐயோ, நப்பாவா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "சுவேதான்னு நெனச்சேனே, அது சுவேட்டா?"

தோல் துண்டு கடைசியாக ஜெயக்குமார் கைக்கு வந்தது. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"குழந்தை யார் ஜாடை? இவர் ஜாடையா, உங்க ஜாடையா?"

கட்டினால் இந்த மனுஷனைத்தான் கட்டுவது என்று எனக்கு உறுதியானது அந்த நிமிஷம்தான்.

உடனே என் விவரத்தைச் சரி செய்து காட்டுவதாகச் சொல்லி எல்லோரையும் ஹெச்.ஆர். அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இன்னொரு வில்லங்கம். ஒருமுறை 'திருமணமானவர்' என்று ஆக்கிவிட்டால், எங்கள் கம்ப்யூட்டர் மறுபடி 'திருமணமாகாதவர்' ஆக விடாது. இரண்டே வழிதான் கொடுத்தது. நஸ்ரீன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடி போடட்டும், டைவர்ஸா, விதவையா?" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் இரண்டும் வேண்டாம், நப்பாவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அன்று சாயந்திரம் நான் ரிஜிஸ்டருக்குள் நேரடியாக இறங்கி, வேரோடு பிடுங்கும்வரை, என் வருங்கால மாமியார் சம்மதத்தோடு நான் திருமதி நப்பாவாகவே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்பு அத்தனை ஷூவிலும் கறுப்பு லேஸை உருவி டான் லேஸ் கோக்க வேண்டும். பிராயச்சித்தமாக நானும் இரண்டாம் யூனிட்டில் விமலா அத்தையின் லைனில் போய் உட்கார்ந்தேன். விரல் நுனி எல்லாம் எரிந்தது. அத்தை ஒரு மணி நேரம் என்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கோத்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, இனிமே கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணிக்கோ என்றார். சிரிக்க நேரமில்லை, பையர் வந்துவிட்டார். ஷூ பாஸாகிவிட்டது.

நான்தான் பாஸாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நல்லபடியாக முடிந்து, திங்கள்கிழமை பூரிப்போடு வேலைக்குப் போனால் கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. கல்யாணத்தையும் குழந்தையையும் அழித்தவள், பிரசவ விடுப்பு மனுவை மறந்துவிட்டிருந்தேன். அதுவும் மற்றவற்றோடு ஆம்பூர் வந்து சேர்ந்து, இம்தியாஸ் சார் முன்னால் போய் நிற்க, அவர் வழக்கம்போலப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஆறு மாதம் கழித்து வாங்க மேடம் என்றார் செக்யூரிட்டி அண்ணன், ரொம்ப மரியாதையாக.

இப்போது எனக்கு நிஜமாகவே ஒரு மகள் இருக்கிறாள். நிலா, யூ.கே.ஜி. படிக்கிறாள். இந்தக் கதையை அவள் அப்பா சொல்லி, தாத்தா சொல்லி, விமலா பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். வீட்டில் என் கணவர் பாத்திரம் கழுவ மறந்தால் என் மாமியார், நப்பாவா இருந்தா எதிர்த்துப் பேசாம கழுவி வெச்சிருப்பான் என்பார். எங்களுக்கு இதெல்லாம் சிரிப்பு. குழந்தை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். 'என் குடும்பம்' என்று வரையச் சொன்னார்களாம். நிலாவின் படத்தை மேஜை மேல் வைத்தார். அப்பா, அம்மா, நிலா. கொஞ்சம் தள்ளி, ஒரு சதுரப் பெட்டிக்குள், ரெட்டை ஜடை போட்ட இன்னொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தப்பா எடுத்துக்காதீங்க, குழந்தைகிட்ட யாருன்னு கேட்டேன், எங்க அக்கான்னு சொல்றா, இப்ப எங்க இருக்கான்னு கேட்டதுக்கு, ஆம்பூர்ல இருந்தா, அம்மாதான் அழிச்சிட்டாங்கன்னு சொல்றா என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிதானமாகப் படத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா ஜாடைதான்," என்றார்.